கடைவீதியில் வண்டி இல்லாத இரண்டு வருடம்

எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவிலக்கம். முன்வாசல் கடைவீதியில், பின்வாசல் அதற்கு அடுத்த தெருவில். செட்டிநாட்டு வீடுகளுக்குள் போய் வந்தவர்களுக்கு இது புதிதில்லை. முகப்பில் நுழைந்து வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நேராக நடந்தால் மறு தெருவில் போய் இறங்கலாம். எங்களுடையது படத்தில் காட்டுகிற மாதிரி அரண்மனை வீடு இல்லை. தேக்குத் தூண்கள் எப்போதோ விலையாகிவிட்டன. தெருவிலிருந்து தெரு வரை உள்ள நீளம் மட்டும் குறையவில்லை.

அந்த நீளம் இருப்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்கள் கடைவீதியில் மாலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை வண்டி விடக்கூடாது என்று ஆக்கி இரண்டு தீபாவளி தாண்டிவிட்டது. ஆதரித்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சாயங்காலம் வந்து வாங்கிப் போகிறவர்கள். எதிர்த்துப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் பின்தெருக்காரர்கள். நான் இரண்டு தெருவிலும் குடியிருக்கிறேன். காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஊர். பெயரை எழுதினால் நாளைக்குக் கடைவீதியில் தலைகாட்ட முடியாது, அதனால் வேண்டாம்.

பலகாரம் செய்து விற்பது என் தொழில். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை, முன்கூட்டிச் சொன்னால் அதிரசம். அடுப்பு பின்கட்டில், விற்பனை முன்திண்ணையில். ஆக இந்த ஏற்பாடு என் பிழைப்பிலும் கை வைத்திருக்கிறது.

முதல் மாதம் வேடிக்கையாக இருந்தது. இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு வைத்தார்கள். தடுப்புக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒன்றரை அடி இடைவெளி. ஊரில் இருக்கிற அத்தனை டிவிஎஸ் எக்ஸெல்லும் அந்த ஒன்றரை அடிக்குள் புகுந்து வந்தது. பின்னால் ஒரு மூட்டை அரிசி, முன்னால் ஒரு பிள்ளை, அப்படியும் ஒருவர் புகுந்ததை நானே பார்த்தேன். அப்புறம் இடைவெளியில் கல் நட்டார்கள். இப்போது ஒன்பது மணிக்கு மேல் ஒன்றிரண்டு நுழைவதோடு சரி.

முன்வாசலில் என்ன மாறியது என்று கேட்டால் திண்ணைத் தரையைத்தான் காட்டுவேன். ஆத்தங்குடிக் கல், பச்சையும் சிவப்பும் கலந்த பூப்போட்டது. இந்தக் கல்லைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். மினி பஸ்ஸும் லோடு ஆட்டோவும் நாள் முழுக்க ஓடின காலத்தில் எண்ணெய் தொடுவதையே விட்டுவிட்டேன். காலையில் துடைத்தால் மதியத்துக்குள் எண்ணெய்ப் பசையில் கரி ஒட்டி, விரலால் கோலம் போடலாம். மூடின மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பழையபடி எண்ணெய் தொட்டேன். மறுநாள் சாயங்காலம் வரை பூ தெரிந்தது. பகலில் இன்னும் வண்டி ஓடுகிறது, அதனால் முழுக்கச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். பாதிக்குப் பாதி.

அயித்தைக்கு 82 வயது. பல வருடம் வளவுக்குள்ளேயே கிடந்தவர் இப்போது நாலரைக்கெல்லாம் நாற்காலியைத் திண்ணைக்குக் கொண்டுவரச் சொல்கிறார். ஏழு மணிக்கு நான் போய், “உள்ளே வாங்க அயித்தை, பனி இறங்குது” என்றால், “இருத்தா, அந்தப் பிள்ளை யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டுட்டு வர்றேன்” என்பார். முன்பு ஹாரன் சத்தத்தில் தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. இப்போது எதிர்ச்சாரி வரைக்கும் இவர் குரல் போகிறது. ஊரில் யாருக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள் என்பது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிகிறது.

அதே அயித்தையை மூட்டுவலிக்கு டாக்டரிடம் அழைத்துப் போவது இப்போது பெரிய பாடு. டாக்டர் கடைவீதியின் மறுமுனைக்கு உள்ளே உட்காருகிறார், பார்ப்பது மாலை ஐந்துக்கு மேல். முன்பு வாசலில் ஆட்டோ ஏறினால் அங்கே வாசலில் இறங்குவோம். இப்போது பின்வாசலில் ஏறி, ஊரைச் சுற்றி, மறுமுனைத் தடுப்பில் இறங்கி, அங்கிருந்து இருநூறு தப்படி. நடுவில் இரண்டு கடைப் படியில் உட்கார்ந்து எழுந்துதான் போனோம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி உள்ள சித்திரை வீதிகளிலும் வண்டி விடுவதில்லை, ஆனால் முடியாதவர்களுக்குப் பேட்டரி கார் ஓடுகிறது. எங்கள் ஊருக்கு அதில் ஒன்று போதும். கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

தெருவை மூடுவதே அதிசயம் என்கிற மாதிரி ஆரம்பத்தில் சிலர் பேசினார்கள். தேர் வருகிற நாளில் யார் வண்டி விட்டார்கள்? சாமி புறப்பாட்டுக்கு, கல்யாணப் பந்தலுக்கு, சந்தைக்கு என்று வருடத்தில் எத்தனையோ நாள் இந்தத் தெரு நடக்கிறவர்களுக்குத்தான் சொந்தமாக இருந்திருக்கிறது. இங்கே தெருக்கள் நேர்கோடாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதால் ஒன்றை அடைத்தால் அடுத்ததில் போய்விடலாம். வசதியும் அதுதான், வம்பும் அதுதான். வம்புக்கு அப்புறம் வருகிறேன்.

கடைக்காரர்கள் ஒரே குரலில் எதிர்த்தார்கள் என்று சொல்வது சரியில்லை. ஜவுளிக்கடைக்காரர் முதல் ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், இப்போது வாய் திறப்பதில்லை. வாய் திறக்கவில்லை என்றால் வியாபாரம் நடக்கிறது என்று அர்த்தம். கண்டாங்கிச் சேலையை வெளியே கொடி கட்டி மாட்டியிருக்கிறார். முன்பு தூசிக்குப் பயந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த சரக்கு அது. டீக்கடைக்குக் கொண்டாட்டம், சொல்லவே வேண்டாம். மருந்துக் கடைக்காரர் மட்டும் இன்னும் புலம்புகிறார். வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்காமலே மாத்திரை வாங்கிப் போனவர்கள் இப்போது பைபாஸ் பக்கம் வாங்கிவிடுகிறார்களாம்.

நிஜமாக அடி வாங்கினது ஹார்டுவேர் கடை. கொத்தனார் வேலை முடித்து ஐந்து மணிக்கு மேல்தான் வருவார். இருபதடி பிவிசி பைப்பைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் எப்படி நடப்பது? ஒரு நாள் ஒருவர் அப்படித் திரும்பப்போய் என் பலகார டப்பா இரண்டு கீழே விழுந்தது. அந்தக் கடைக்காரர் இப்போது குடோனைப் பின்தெருவுக்கு மாற்றிவிட்டார். பாத்திரக்கடைக்காரர் வேறு மாதிரி சமாளித்தார். இங்கே கல்யாணச் சீர் என்றால் எவர்சில்வரும் பித்தளையும் ஒரு வண்டி கொள்ளும். பகலில் வந்து தேர்ந்தெடுத்து, பேர் வெட்டக் கொடுத்துவிட்டுப் போனால் மறுநாள் காலையில் வீட்டிலேயே இறக்கித் தருகிறார். வண்டி வாடகையை அவரே ஏற்றுக்கொள்கிறார்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நடந்து வருகிறவர்கள் கால் கிலோ, அரைக் கிலோ வாங்குகிறார்கள். அது நன்றாகக் கூடியிருக்கிறது. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் சும்மா நின்று பார்த்து, ஒரு தேன்குழலை ஒடித்து வாயில் போட்டுப் பார்த்து வாங்குவது இப்போதுதான். ஐந்து கிலோ, பத்து கிலோ வாங்குகிறவர்கள் காரில் வருகிறவர்கள். மதுரையிலும் திருச்சியிலும் இருந்து சொந்த வீட்டைப் பார்க்க வந்து போகிற குடும்பங்கள். அவர்கள் முதல் தீபாவளிக்குக் குறைந்துவிட்டார்கள். “காரை எங்கே விடுறது?” என்று போனிலேயே கேட்டார்கள். அடுத்த தீபாவளிக்குப் பின்வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டினேன். திரும்ப வந்துவிட்டார்கள். ஒரே வீட்டில் சில்லறை முன்பக்கம், மொத்தம் பின்பக்கம்.

இனி வம்பு. கடைவீதியில் ஓடின வண்டி எல்லாம் ஆவியாகிப் போகவில்லை, எங்கள் அடுப்படிப் பக்கம் வந்துவிட்டது. பின்தெரு வண்டிக்காகப் போட்ட தெருவே இல்லை. வேலைக்காரர்கள் வந்து போக, விறகு இறக்க, வைக்கோல் வண்டி நிற்க இருந்த தெரு. இரண்டு பக்கமும் வீடுகளின் பின்சுவர், நடைபாதை கிடையாது. அதில் மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட வேன், மினி பஸ், செங்கல் லாரி. எதிர் எதிராக இரண்டு வேன் வந்துவிட்டால் யாராவது பின்னால் போயாக வேண்டும். யார் போவது என்று தீர்மானிக்கிற வரைக்கும் ஹாரன். அதிரசப் பாகு பதம் பார்க்கிற நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஏர் ஹாரன் அடித்தால் கை ஆடித்தான் போகும். பாகு முறுகி மாவு கல்லாகி, ஒரு தடவை மூன்று கிலோ வீணாகியிருக்கிறது. மண்பானையில் எடுத்து வைத்த மாவை உதிர்த்து மாட்டுக்குப் போட்டேன்.

எங்கள் பின்சுவரில் ஒரு லாரி உரசிய தழும்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக் காரை பெயர்ந்து உள்ளே செங்கல் தெரிகிறது. பழைய பூச்சுக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். சிமெண்ட் பூசி வைத்திருக்கிறோம், பார்க்கப் பிடிக்கவில்லை. பின்தெருவில் சுற்றுச்சுவர் இல்லாத சின்ன வீடுகளும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் வாசலில்தான் விளையாடுவார்கள். இப்போது எங்கே விளையாடுகிறார்கள் தெரியுமா? கடைவீதியில். வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் அவர்களுடைய அம்மாக்களுக்கு வேடிக்கையாக இல்லை.

போன வருடம் ஒரு நாள் இரவு எட்டு மணி. நாலு வீடு தள்ளி ஒருவருக்கு நெஞ்சுவலி. 108க்குச் சொன்னோம், சீக்கிரமே வந்துவிட்டது. வந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. தடுப்பில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு. சாவி வைத்திருக்க வேண்டிய ஆள் சாப்பிடப் போயிருந்தார். டீக்கடைப் பையன்களும் ஜவுளிக்கடை ஆட்களும் சேர்ந்து தடுப்பைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடம் அவருடைய மனைவி நின்ற நிலையை என்னால் மறக்க முடியவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். மறுவாரம் பூட்டு போய், கையால் தூக்கிவிடக்கூடிய கொக்கி வந்தது. முதல் நாளே யோசித்திருக்க வேண்டிய விஷயம்.

நேரக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பது வெளியூர்களைப் பார்த்தால் தெரியும். டில்லி சாந்தினி சவுக்கில் 2021இலிருந்து காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிக்குத் தடை, சரக்கு ஏற்றி இறக்குவது அதற்கு வெளியே. புதுச்சேரி கடற்கரைச் சாலையை மாலையில் மூடுகிறார்கள், அது காற்று வாங்குகிற இடம், கொத்தனார் பைப் வாங்குகிற இடம் இல்லை. சென்னையில் பாண்டி பஜார் 2019 நவம்பரில் புதுப்பித்துத் திறந்தது. மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நடந்திருக்கிறேன். அங்கே வண்டியை முழுக்க நிறுத்தவில்லை, நடைபாதையை அகலமாக்கிப் பக்கத்திலேயே அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டினார்கள். நிறுத்த இடம் காட்டிவிட்டுத்தான் நடக்கச் சொல்ல வேண்டும் என்பதை அங்கே பார்த்தேன்.

எங்களுக்கும் நிறுத்த இடம் காட்டினார்கள். ஊருணிக் கரை. கரையோரப் பொட்டலில் கிராவல் கொட்டிச் சமன்படுத்தினபோது வரத்துக்கால் மேலேயும் கொட்டிவிட்டார்கள். இந்தச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது, மழைத் தண்ணீரை வாய்க்கால் பிடித்து ஊருணிக்குக் கொண்டுபோய்த்தான் பெரியவர்கள் காலம் தள்ளினார்கள். அந்த ஐப்பசியில் ஊரெல்லாம் மழை, ஊருணியில் முழங்கால் தண்ணீர். இளவட்டங்கள் மண்வெட்டியோடு போய்த் தோண்டிவிட்டார்கள். இப்போது கால்வாய்க்கு இரண்டு பக்கமும் கார் நிற்கிறது.

பேவர் பிளாக் போட்டதில் தெரு முக்கால் அடி உயர்ந்துவிட்டது. எங்கள் திண்ணைக்கு ஐந்து படி இருந்தது, இப்போது நாலுதான் தெரிகிறது, ஐந்தாவது கல்லுக்கு அடியில். மேட்டில் கட்டின வீடு என்பதால் தண்ணீர் உள்ளே வரவில்லை. தாழ்வான கடைகளுக்குள் வந்தது.

தள்ளுவண்டிக்காரர்களை முதலில் விரட்டினார்கள். 2014ஆம் வருடத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தில் அப்படி இஷ்டத்துக்கு விரட்ட முடியாது, நகர விற்பனைக் குழு அமைத்து இடம் ஒதுக்க வேண்டும். பூக்கார அக்காவின் மகன் வக்கீலுக்குப் படிக்கிறான், அவன்தான் தாளை எடுத்துக்கொண்டு அலைந்தான். பத்துப் பதினைந்து வண்டிக்கு இப்போது கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அக்காவின் வண்டி எங்கள் திண்ணைக்கு நேர் எதிரே. அயித்தைக்குத் தினமும் ஒரு முழம் கதம்பம் கடனாக வருகிறது, கணக்கு என் தலையில்.

நட்சத்திரம் போடச் சொன்னால் முன்வாசலுக்கு நாலு, பின்வாசலுக்கு ஒன்றரை போடுவேன். பின்தெருவை ஒருவழி ஆக்கி, லாரியைப் பைபாஸோடு நிறுத்தி, ஹார்டுவேருக்கு ஒரு தள்ளுவண்டி ஆள் வைத்தால் ஒன்றரை மூன்று ஆகும். இதைத்தான் போன மாதம் எழுதிக் கொடுத்தேன்.

இந்த மாதம் இரண்டு தரப்பும் கையெழுத்து வாங்க வந்தார்கள். தொடர வேண்டும் என்பவர்கள் முன்வாசலில், எடுக்க வேண்டும் என்பவர்கள் பின்வாசலில், ஒரே சாயங்காலம். நான் திண்ணையில் இருந்தேன், போட்டுவிட்டேன். அடுப்படிப் பக்கம் போனால் வீட்டுக்காரர் அங்கே பேனாவை மூடிக்கொண்டிருக்கிறார். கதவிலக்கம் வேறு வேறு என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அயித்தைக்கு மட்டும் தெரிந்துவிட்டது. “என்கிட்ட யாரும் கேக்கலையே” என்கிறார். நாளைக்கு அவர்கள் தெருவில் வந்தால் கூப்பிட்டுக் கேட்கப் போகிறாராம்.