பாக்கெட் புல்லா, பாரிஸ் கார்னர் சரக்கா? வடசென்னை ரயில் மாடலுக்கு எது பொருந்தும்?

வீட்டில் ரயில் மாடல் வைத்திருப்பவர்கள் பலர், தண்டவாளம் போட்டு வண்டி ஓட ஆரம்பித்ததுமே வெளிநாட்டுச் செயற்கைப் புல் பாக்கெட்டும் குட்டி மாடல் மரங்கள் வரும் பெட்டியும் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். பொருள் தரமானதுதான். ஆனால் அதன் நிறமும் இழையும் ஜெர்மன் புல்வெளிக்கும் அமெரிக்கப் பைன் காட்டுக்கும் பார்த்துச் செய்தவை. கொருக்குப்பேட்டை யார்டு ஓரம் அதைத் தூவினால் கொருக்குப்பேட்டை காணாமல் போய்விடும்.

இன்னொரு கட்சியும் இருக்கிறது. டீத்தூள், மரத்தூள், கடற்கரை மணல் என்று கையில் கிடைத்ததை வைத்தே எல்லாம் செய்துவிடலாம் என்பவர்கள். கடல் காற்றும் ஈரமும் இந்தப் பொருட்களை ஒரே மழைக்காலத்தில் என்ன பாடுபடுத்தும் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

நான் இரண்டில் ஒன்றைச் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு பொருளும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: நிறம் நம்மூர் நிறமா, அளவு சரியா, உப்புக் காற்றில் நிற்குமா. பேசின் பிரிட்ஜில் தொடங்கி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் போகும் பாதையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அளவு எச்ஓ, அதாவது 1:87, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. இதில் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. என்பதால் கணக்குப்படி 19 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். அந்தக் குறையோடுதான் எல்லோரும் ஓட்டுகிறோம். விம்கோ நகர் வரை போகும் மெட்ரோவுக்கு மட்டும் இந்தக் குறை இல்லை. அது 1,435 மி.மீ. பாதை, எச்ஓ தண்டவாளத்துக்கு அப்படியே பொருந்தும்.

அடித்தளத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். வடசென்னை தட்டை நிலம். மலை எழுப்பும் பிளாஸ்டர் துணி வேலை எதுவும் இங்கே தேவைப்படாது. பாதை கொஞ்சம் மேலே, கால்வாய் கொஞ்சம் கீழே இருந்தால் போதும். தெர்மாகோல் மலிவு. ஆனால் வெட்டினால் மணிமணியாக உதிர்ந்து உடம்பெல்லாம் ஒட்டும். மொட்டைமாடி வெப்பத்தைத் தடுக்கப் போடும் கெட்டியான நுரைப்பலகை கத்திக்கு வழவழப்பாக வரும். முழுப்பரப்புக்கும் தெர்மாகோல், கால்வாய்க் கரைக்கு மட்டும் நுரைப்பலகை என்று பிரித்துக்கொண்டால் செலவு கட்டுக்குள் நிற்கும். இரண்டிலும் ஸ்ப்ரே பெயின்ட், ரப்பர் பசை, ஃபெவிக்விக் மூன்றும் படக்கூடாது. பட்ட இடம் கரைந்து குழியாகிவிடும்.

ஜல்லி

ஒரு மாடலை நம்ப வைப்பதும் கெடுப்பதும் தண்டவாளத்துக்கு நடுவே கிடக்கும் ஜல்லிதான். போட்டியில் மூன்று பேர்: பாக்கெட்டில் வரும் வால்நட் ஓட்டுத் தூள், கடற்கரை மணல், கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்ட்.

வால்நட் ஓட்டுத் தூள் எடை குறைவு, நிறம் சீர். இரண்டும் அதற்கே எதிரி. தண்ணீர் கலந்த பசையை விட்டதும் மிதந்து கிளம்பி, தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எல்லாத் துகளும் ஒரே நிறமாக இருப்பதால் கல் என்ற எண்ணமே வராது.

கடற்கரை மணல் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் காலடியில் கிடக்கிறது. ஆனாலும் வேண்டாம் என்பேன். முதல் காரணம் உப்பு. எத்தனை முறை அலசினாலும் மிஞ்சும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தை அரிக்கும். இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. நம் கடற்கரையில் அலை விட்டுப்போகும் கருங்கோடுகளில் காந்தத்துக்கு ஒட்டும் கனிமத் துகள்கள் உண்டு. ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் காந்தத்தைப் போட்டு மணலுக்குள் இழுத்துப் பாருங்கள், மீசை மாதிரி கறுப்பு முளைக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் மோட்டாரும் காந்தம்தான். அந்தத் துகள் உள்ளே போனால் மோட்டாரின் ஆயுள் அதோடு சரி.

எம்-சாண்ட் ஜெயிப்பதற்குக் காரணம் அது நிஜ ஜல்லியின் சொந்தப் பிள்ளை என்பதுதான். சென்னையைச் சுற்றி உடைக்கும் கருங்கல்லில் பெரும்பகுதி பல்லாவரத்துப் பாறை இனமான சார்னகைட். கருநீலம் கலந்த சாம்பல் நிறம், உடைந்த முனை. பாதையில் கொட்டும் ஜல்லியும் அதே கல், எம்-சாண்டும் அதே கல். ரயில்வே ஜல்லி ஏறக்குறைய 65 மி.மீ.யிலிருந்து 20 மி.மீ. வரை இருக்கும். எச்ஓவில் அது முக்கால் மி.மீ.யிலிருந்து கால் மி.மீ. வீடு கட்டும் இடத்தில் கேட்டால் ஒரு சிறங்கை சும்மாவே தருவார்கள். டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழுந்ததை மறுபடி மைதா சல்லடையில் சலியுங்கள். அதில் தங்குவதுதான் உங்கள் ஜல்லி. அடியில் போன மாவைக் கொட்டிவிடாதீர்கள், பின்னால் மரத்தண்டுக்கு வேண்டும். கருங்கல்லிலும் காந்தத் துகள் கொஞ்சம் இருக்கும் என்பதால் காந்தச் சோதனை இதற்கும் உண்டு.

ஒட்டும்போது ஃபேனை நிறுத்துங்கள். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஜல்லியை ஒதுக்கி ஸ்லீப்பர் மேற்பரப்பைச் சுத்தமாக விடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்தபின், ஒரு பங்கு வெள்ளை ஃபெவிகாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நனைக்காமல் பசையை விட்டால் அது முத்துமுத்தாக உருண்டு, விழுந்த இடத்தில் பள்ளம் பறிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காய இரண்டு நாள்கூட ஆகும். பொறுக்க முடியாமல் தொட்டால் போச்சு. காய்ந்தபின், எண்ணூர் பக்கம் என்றால் அடுப்புக்கரித் தூளை மெல்லிசாகத் தட்டிவிடலாம். நிலக்கரி வண்டி ஓடும் பாதையில் வெளுத்த ஜல்லி இருக்க வாய்ப்பில்லை.

பச்சை எவ்வளவு, எந்த மாதத்துப் பச்சை?

புல்லுக்குள் இறங்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: உங்கள் மாடலில் இது எந்த மாதம்? கார்த்திகையில் பாதையோரம் இளம்பச்சை பொங்கி நிற்கும். சித்திரையில் அதே இடம் வைக்கோல் நிறம், நடுநடுவே சீமைக்கருவேலம் மட்டும் பச்சை. எந்தப் பொருள் ஜெயிக்கும் என்பதை இந்த முடிவுதான் தீர்மானிக்கிறது.

கார்த்திகை என்றால் நிலைமின் புல்லுக்கு ஈடு கிடையாது. நைலான் இழைகளை உயர் மின்னழுத்த வலை வழியே உதறினால், பசை மேல் ஒவ்வொன்றும் குத்திட்டு நிற்கும். பழைய ஸ்பஞ்சுத் தூள் இந்த இடத்தில் பாசி மாதிரிதான் தெரியும். 2 மி.மீ. இழை எச்ஓவில் சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவான புல், 6 மி.மீ. என்றால் அரை மீட்டர். நீளம் கலந்து தூவுங்கள், ஒரே நீளம் போட்டால் கிரிக்கெட் மைதானம் ஆகிவிடும். கால்வாய் ஓரச் சம்புக்கு இந்த இழை எட்டாது. அதற்கு 2 செ.மீ.க்கு மேல் உயரம் வேண்டும், பழைய பிரஷ் முடியை நறுக்கி நடுவதே வழி.

இதற்கான கருவியை வாங்குவதா, கொசு பேட்டில் டீ வடிகட்டி பொருத்திச் செய்துகொள்வதா? பேட் தருவது சில ஆயிரம் வோல்ட். கடைக் கருவி பத்தாயிரத்தைத் தாண்டும். பேட் 2 மி.மீ. இழையை நிறுத்தும், நீள இழை சாய்ந்துவிடும். அணைத்த பின்னும் பேட்டின் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், மின்வேலை தெரியாதவர் அதைப் பிரிக்கவே கூடாது. இந்த ஒரு இடத்தில் காசு கொடுத்துக் கருவி வாங்குவது நியாயம். எந்தக் கருவியானாலும் புழுக்கமான நாளில் இழை கட்டிகட்டியாக விழும், அதனால் ஏசி ஓடும் அறையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை என்றால் கணக்கு தலைகீழ். தேங்காய் நாரைக் கத்தரித்துத் தூவினால் வரும் காய்ந்த புல்லின் நிறத்தை எந்த பாக்கெட்டும் தராது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒட்டியபின் நீர்த்த ஃபெவிகாலைத் தெளித்து மூடிவிட்டால் பூஞ்சை அண்டாது. டீத்தூளை மண்ணுக்குப் போடுகிறவர்கள் இதே கவனத்தை இரட்டிப்பாக எடுக்க வேண்டும். மண்ணுக்கு என் தேர்வு செங்கல் தூளும் எம்-சாண்ட் மாவும் கலந்தது, அழுகுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. பூச்சிக்குப் பயந்து மாடல் மூடிக்குள் அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி தெர்மாகோலையும் பாலிஸ்டைரீன் பொம்மைகளையும் இளக்கும்.

மரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, வீட்டில் செய்ததுதான். பெட்டியில் வரும் மரங்கள் கூம்பாகவும் உருண்டையாகவும் இருக்கும். நம் பாதையோரம் பூவரசு, வேம்பு, தூங்குமூஞ்சி, முருங்கை. எல்லாம் கோணல், எல்லாம் ஒரு பக்கம் வெட்டுப்பட்டது, ஏனென்றால் மேலே 25,000 வோல்ட் மின்கம்பி போகிறது. பழைய வயரின் செம்பு இழைகள் இருபது, முப்பதைச் சேர்த்து முறுக்குங்கள். அடியில் தண்டாக விட்டு, மேலே போகப் போகப் பிரித்துக் கிளை ஆக்குங்கள். ஃபெவிகாலில் எம்-சாண்ட் மாவைக் குழைத்துத் தண்டில் பூசினால் பட்டை சொரசொரப்பாக வரும். காய்ந்ததும் பூசும் நிறம் சாம்பல்தான், காவி வேண்டாம். இலைக்குக் கடையில் வாங்கும் நுண்ணிய ஸ்பஞ்சுத் தூள் நல்லது. சாயம் போட்ட மரத்தூள் ஜன்னல் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். சீமைக்கருவேலத்துக்குப் பச்சை ஸ்க்ரப்பரைக் கையால் பிய்த்து மெல்லிசாக விரித்துக் கம்பியில் கோத்தால் அந்தக் குடை உருவம் வந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். உதிரும் துண்டுகள் அந்தக் கருமணல் செய்யும் வேலையையே செய்யும்.

சுவரும் கூரையும்

அட்டைக் கட்டடம் வெட்ட எளிது, மழைக்காலத்தில் வளையும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையின் ஓரம் ஈரத்தில் ஊதும். விளம்பரப் பலகைக்காரர்களிடம் மிஞ்சும் சன்போர்டு துண்டுகள் இரண்டையும் தோற்கடிக்கும். அது பிளாஸ்டிக், ஈரம் ஏறாது, பால்பாயின்ட் பேனா முனையால் அழுத்தினால் செங்கல் கோடு விழும். 1856ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனைச் செய்கிறவர்கள் அதன் தூண்களுக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். 6 மி.மீ. ஜூஸ் ஸ்ட்ரா எச்ஓவில் அரை மீட்டர் குறுக்களவு கொண்ட தூண். தலைப்பகுதி வேலைப்பாட்டுக்கு மட்டும் முப்பரிமாண அச்சு எடுங்கள். ஒரே அச்சை எல்லாத் தூணுக்கும் பயன்படுத்தலாம் என்பதால் அங்கே அந்தச் செலவு தகும். தகரக் கூரைக்கு அலுமினியத் தாளைப் பேன் சீப்பின் பல் மேல் வைத்து நகத்தால் அழுத்தினாலே போதும்.

சுவர் எழுத்தும் போஸ்டரும் இல்லாமல் வடசென்னைச் சுவர் ஏது? கையால் எழுதுவதைவிட அச்சிட்டு ஒட்டுவது தெளிவு. ஆனால் லேசர் பிரின்ட் எடுங்கள், இங்க்ஜெட் மை பசை பட்டதும் கரைந்து ஓடும். தாளின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெல்லிசாக்கி ஒட்டி, ஈரம் இருக்கும்போதே செங்கல் கோட்டுக்குள் அழுத்துங்கள்.

கால்வாயும் ஆட்களும்

தண்ணீர் என்றதும் எல்லோரும், ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் எபாக்ஸிப் பிசினை நினைக்கிறார்கள். அடி தெரியும் ஓடைக்கு அதுதான் ராஜா. பக்கிங்காம் கால்வாயின் அடி யாருக்குத் தெரிகிறது? ஆழத்தைக் கரும்பச்சை, கறுப்பு, நடுவே கொஞ்சம் பழுப்பு என்று பெயின்ட்டிலேயே காட்டிவிட்டு, மேலே அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷை மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு கொடுத்தால் முடிந்தது. எபாக்ஸியைத் தடிமனாக ஊற்றினால் இறுகும்போது எழும் சூடு நுரைப்பலகையை உள்வாங்கச் செய்யும், புழுக்க நாளில் மேலே பால் படிந்த மாதிரி ஆடையும் கட்டும். கால்வாயில் ஆகாயத்தாமரை அடைந்திருக்கும் பகுதிக்கு, வெளிநாட்டுப் பாக்கெட்டின் பெரிய ஸ்பஞ்சுத் தூள் கச்சிதம். வார்னிஷ் ஈரமாக இருக்கும்போதே கரையோரம் திரளாக, நடுவில் திட்டுத்திட்டாக விடுங்கள்.

மனித உருவங்களை வாங்கத்தான் வேண்டும். 1:87ல் கிடைப்பவை கோட்டும் தொப்பியும் போட்டவை. கட்டட மாடலுக்கு விற்கும் 1:100 உருவங்கள் கொஞ்சம் குள்ளம் என்றாலும் பெயின்ட் இல்லாமல் வெள்ளையாக வரும், நம் விருப்பத்துக்கு நிறம் பூசலாம். பிளாட்பாரத்தின் பின்வரிசைக்கு அவையே போதும். டிஷ்யூ பேப்பரை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து மடித்துச் சுற்றினால் புடவை. அடிபம்புக்கு முன் வரிசையில் நிற்கும் குடங்களுக்குப் பாரிஸ் கார்னர் பக்கத்து மணிக் கடைகளில் 4 மி.மீ. பிளாஸ்டிக் மணி கேளுங்கள். நிஜத்தில் அது 35 செ.மீ., சரியான குட உயரம். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் எல்லாம் கலந்து வாங்குங்கள். மீன்பாடி வண்டி மட்டும் எந்த நாட்டுப் பெட்டியிலும் வராது. முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் தட்டு, பின்னால் ஒற்றைச் சக்கரத்துக்கு மேல் ஓட்டுபவர் என்ற அமைப்பை மெல்லிய கம்பியில் வளைத்து எடுக்க வேண்டியதுதான். சக்கரத்துக்கு, வாட்ச் ரிப்பேர் கடையில் ஒதுக்கிப் போட்ட பல்சக்கரங்களில் ஆரம் உள்ளவையாகப் பார்த்துப் பொறுக்கி, பல்லை அரத்தால் தேய்த்துவிடுங்கள்.