காரின் கியர் ராடைக் குட்டையாக்கும் லேத் வேலை: ராமநாதபுரத்தில் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம், 40 மி.மீ.க்கு மேல் வெட்டாமல் இருந்தால். பிவட்டுக்கு (ராடு ஆடும் அச்சுக்கு) மேல் 260 மி.மீ. உள்ள ராடை 220 ஆக்கினால் கை நகரும் தூரம் சுமார் 15 சதவீதம் குறையும்; தள்ளும் விசை 18 சதவீதம் கூடும். கியர் விழுவது நறுக்கென்று இருக்கும், அருமையான மாற்றம். ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்கும் ஐ20 போன்ற வண்டிகளுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

வெட்டிய நுனியில் நாப்பை (கைப்பிடிக் குமிழை) மாட்டப் புதிதாக மரை போட வேண்டும்; பட்டறையின் தரம் அந்த மரையில்தான் தெரியும். பழைய மரையை கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 1.25 மி.மீ. பிட்ச் (மரை இடைவெளி) உள்ள நாப்புக்கு 1.5 டை (மரை வெட்டும் கருவி) போட்டால் இரண்டு சுற்றிலேயே இறுகிவிடும். நுனியைச் சரித்துத் தேய்த்து, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என டையைத் திருப்ப வேண்டும். எண்ணெயில்லாமல் முறுக்கினால் மரை பிய்ந்துவிடும்.

மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஓடும் வண்டியா? வெட்டிய இடத்தில் முலாம் இருக்காது. உப்புக் காற்றில் துருவேறி நாப் கழலாமல் பிடித்துக்கொள்ளும். கிரீஸ் தடவியே மாட்டுங்கள்.

ராடு லொடலொடவென்று ஆடினால் முதலில் புஷ்ஷை (ராடைத் தாங்கும் வளையத்தை) மாற்றுங்கள். பல வண்டிகளுக்கு அதுவே போதும்.