சிவப்பு ரிப்பனா, நீல ரிப்பனா?

குதிரைப் போட்டியில் பரிசு வாங்கியவர் சிவப்பு ரிப்பனோடு நிற்கும் படத்தைப் பார்த்தால், எந்த நாடு என்று முதலில் கேளுங்கள். அமெரிக்காவில் நீலம்தான் முதல் பரிசு, சிவப்பு இரண்டாவது. பிரிட்டனிலும் கனடாவிலும் நேர்மாறு: சிவப்பு வாங்கியவர்தான் ஜெயித்தவர்.

நீலத்தின் மவுசு பழையது. இங்கிலாந்து அரசர் தரும் கௌரவங்களில் கார்ட்டர் விருதுக்கு நீலப் பட்டை, பாத் விருதுக்குக் கருஞ்சிவப்பு. 1725-ல், பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போல் பாத் விருதை வாங்கினார். அடுத்த வருடமே கார்ட்டர் கிடைத்ததும் நீலத்துக்கு மாறிவிட்டார். அரசவையில் சிவப்பு ஒரு படி கீழேதான் இருந்தது.

போர்க்களத்தில் கதை வேறு. 1856-ல் பிரிட்டனின் உயரிய போர் வீர விருதான விக்டோரியா கிராஸ் தொடங்கியபோது பதக்கம் ஒன்றுதான், ரிப்பன் இரண்டு: தரைப்படைக்குக் கருஞ்சிவப்பு, கடற்படைக்கு நீலம். 1914-ல் பெல்ஜியத்தில் இயந்திரத் துப்பாக்கியை விட்டு நகராமல் போரிட்ட இந்தியச் சிப்பாய் குதாதாத் கானுக்குக் கிடைத்ததும் கருஞ்சிவப்புதான். 1918-ல் விமானப்படை தனியாக உருவானது. அப்போது எல்லாருக்கும் கருஞ்சிவப்பு என்றே முடிவு செய்தார்கள், நீலம் போய்விட்டது. என்னைக் கேட்டால், வால்போலின் நீலத்தைவிட இந்தச் சிவப்புக்குத்தான் மதிப்பு அதிகம். அது உயிரைப் பணயம் வைத்து வாங்கியது.

சரி, போட்டியே இல்லாத ஒரு சிவப்பும் உண்டு. 1991-ல் நியூயார்க்கின் விஷுவல் எய்ட்ஸ் அமைப்போடு சேர்ந்த கலைஞர்கள், எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் துணை நிற்பதைக் காட்ட ஓர் அடையாளம் தேடினார்கள். ரத்தத்தை நினைவூட்டுவதால் சிவப்பைத் தேர்ந்தார்கள். அந்த ஜூனில் அமெரிக்க நாடக உலகின் டோனி விருது விழாவுக்கு நடிகர் ஜெரமி அயர்ன்ஸ் அதைக் குத்திக்கொண்டு வந்தார். இன்று நம் கல்லூரிகளில் இயங்கும் ரெட் ரிப்பன் கிளப்புக்குப் பெயர் கொடுத்ததும் அந்தத் துண்டு ரிப்பன்தான். யாரையும் ஜெயிக்காமலே அணியலாம் என்பதால், எல்லா ரிப்பன்களிலும் எனக்கு நெருக்கமானது இதுதான்.

செய்வது சுலபம். 6 அங்குலம் வெட்டி, தலைகீழ் 'வி' போல மடித்து, ஊக்கு குத்த வேண்டும். ஒருபக்கம் மட்டும் பளபளக்கும் சாட்டின் வேண்டாம், மடித்ததும் ஒரு காலில் மங்கிய பின்பக்கம் தெரியும். இருபக்கமும் மின்னும் சாட்டினாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், வெட்டிய முனையை மெழுகுவர்த்திச் சுடருக்குப் பக்கத்தில் ஒரு நொடி காட்டினால் நூல் பிரியாது.