ஒற்றைக் கையால் தமிழ் தட்டெழுத: கூட்டுவிசைக் கருவியா, பாதி விசைப்பலகையா?

2009-இல் போர் முடிந்தபோது ஒரு கையை இழந்திருந்த வன்னிப் பிள்ளைகள் பலர் இன்று குடும்பச் சுமையைத் தாங்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். பிரதேச செயலகத்திலோ ஏ9 வீதியோரத் தொடர்பாடல் நிலையத்திலோ தட்டெழுதிப் பிழைக்க விரும்புவோர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஒற்றைக் கைக்கென்றே செய்யப்பட்ட கருவியை வெளிநாட்டு உறவினர் மூலம் எடுப்பிப்பதா, கிளிநொச்சிக் கடையில் கிடைக்கும் சாதாரண விசைப்பலகையிலேயே பழகுவதா?

கூட்டுவிசைக் கருவியில் ஓர் எழுத்துக்கு ஒரு விசை என்ற கணக்கு இல்லை. சில விசைகளை ஒருசேர அழுத்தினால் ஓர் எழுத்துப் பிறக்கும். அமெரிக்கக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பரில் கணினிச் சுட்டியை உலகுக்குக் காட்டிய அதே நிகழ்வில், இடக்கைக்கான ஐந்து விசைக் கருவி ஒன்றையும் இயக்கிக் காட்டினார். ஐந்து விசைகளால் 31 கூட்டுகள் அமையும். தமிழில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என முதன்மை எழுத்துகளும் சரியாக 31. மெய்யை அழுத்திப் பின் உயிரை அழுத்தினால் உயிர்மெய் அமையும் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையோடு இதை இணைத்தால், ஐந்து விரல்களுக்குள் நெடுங்கணக்கு முழுவதும் அடங்கிவிடும். இடைவெளிக்கும் கிரந்தத்துக்கும் மட்டும் மேலும் ஒரு விசை வேண்டும். இந்தப் பொருத்தத்தில் எனக்குப் பெரிய ஈர்ப்பு உண்டு.

இன்று பரவலாக அறியப்பட்ட கூட்டுவிசைக் கருவி டுவிட்லர். உள்ளங்கையோடு பட்டியால் கட்டிக்கொள்ளும் அதன் மூன்றாம் பதிப்பில் விரல்களுக்கு 12 விசைகளும் பெருவிரலுக்குத் தனி விசைகளும் உண்டு. ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தின் 2004 ஆய்வில் பங்கேற்ற ஐவர், 25 மணிநேரப் பயிற்சிக்குப் பின் நிமிடத்துக்குச் சராசரியாக 47 ஆங்கிலச் சொற்களை எட்டினார்கள். ஆனால் கருவியில் பதிந்து வருவது ஆங்கில எழுத்துக்கான கூட்டுகள். தமிழில் அடிக்கடி வரும் க, த, அ, இ, உ, புள்ளி ஆகியவற்றை எளிய கூட்டுகளுக்கு மாற்றி அமைப்பது நம் வேலையாகிவிடும். பழுதானால் திருத்த வன்னியில் ஆளைத் தேட வேண்டும். 200 டொலர் அளவில் விற்கப்பட்ட பொருள் என்பதால் இன்னொன்றை உடனே வாங்கவும் இயலாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே கை உள்ளவர் அந்தப் பட்டியைத் தன் கையில் தானே கட்ட வேண்டும் என்பதைக் கருவியின் விளம்பரங்களைப் பார்ப்போர் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை.

பாதி விசைப்பலகை முறை இதற்கு நேர்மாறானது. ஆய்வாளர் எட்கர் மத்தியாஸ் 1993-இல் வெளியிட்ட இம்முறையில், இடைவெளி விசையை அழுத்திப் பிடித்தால் பலகையின் மறுபாதி கண்ணாடி பிம்பமாக இந்தப் பாதிக்கு வந்துவிடும். விட்டால் வழமைபோல் இயங்கும். ஏற்கெனவே இரு கைகளாலும் தட்டெழுதத் தெரிந்தவர்கள் பத்து மணிநேரத்தில் நிமிடத்துக்கு 24 முதல் 43 சொற்கள் வரை எட்டினார்கள். தனிக் கருவியும் தேவையில்லை. விண்டோசில் ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருளுக்கு எழுதிய சிறு நிரல் போதும்.

தமிழ்99-இல் உயிர்கள் இடப்பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் இருப்பதால், வலக்கை மட்டும் உள்ளவருக்கு இம்முறை வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. நடுவிரலால் ம-வை அழுத்தி, இடைவெளியைப் பிடித்தபடி அதே விரலால் அதே விசையை மீண்டும் அழுத்தினால் மு. மோதிர விரலால் த-வை அவ்வாறே இருமுறை அழுத்தினால் தி. முழங்கைக்குக் கீழே இல்லாத இடக்கையால் விண்ணப்பப் படிவத்தை மேசையோடு அழுத்திப் பிடித்து, வலக்கையை நகர்த்தாமலே ஒருவர் இப்படி எழுதுவதைக் கண்டால் இதன் அருமை விளங்கும். இடக்கை மட்டும் உள்ளவருக்குச் சற்றுக் கடினம்: ச, ஞ, ய ஆகியவை பலகையின் வலது ஓரத்தில் இருப்பதால் அவற்றை டேப், கேப்ஸ் லொக் போன்ற விசைகளுக்கு நிரலிலேயே மாற்ற வேண்டும்.

பல அலுவலகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவின் விசை அமைப்பில் தட்டெழுதும் பழக்கமே நிலைத்திருக்கிறது. அதில் மு, து, சு போன்றவற்றுக்கு ஷிப்ட் விசை வேண்டும். ஒற்றைக் கைக்கு அது தண்டனை. ஷிப்டை ஐந்துமுறை தட்டி விண்டோசின் ஒட்டுவிசை வசதியைத் தொடக்கினால் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம் என்றாலும் அழுத்தல்கள் குறைவதில்லை. அம்மா என்று எழுதப் பாமினியில் ஐந்து அழுத்தல்கள், தானாகப் புள்ளி வைக்கும் தமிழ்99-இல் நான்கு. புதிதாகப் பழகுபவரைப் பாமினியில் தொடங்கவைப்பது எனக்கு உடன்பாடில்லை.

கைபேசியில் பேசி எழுதுவது கடிதத்துக்கு உதவும். ஆனால் பெரும்பாலும் இணைய இணைப்பு வேண்டும், ஊர்ப் பெயர்கள் பிழைபடும், காணாமற்போன உறவினர் பற்றிய விண்ணப்பத்தைப் பலர் நிற்கும் கடையில் உரக்கச் சொல்லவும் முடியாது.

ஆகவே மேசையில் அமர்ந்து செய்யும் வேலைக்குப் பாதி விசைப்பலகையையே நான் முதலில் பரிந்துரைக்கிறேன். தோளையோ முழங்கையையோ அசைக்க இயலாமல் விரல்கள் மட்டும் உறுதியாக இருப்பவருக்கும், நின்றும் நடந்தும் பதிவுசெய்ய வேண்டியவருக்கும் கூட்டுவிசைக் கருவியே ஏற்றது. எஞ்சிய கையிலும் எறிகணைச் சிதறலால் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் இங்கு உண்டு என்பதால், வாங்குமுன் உள்ளங்கையை மேசையில் வைத்து, சுட்டுவிரலையும் மோதிர விரலையும் மட்டும் ஒன்றாக அழுத்தி ஒன்றாக எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவிரலும் சேர்ந்தே இறங்குமானால், எந்தக் கூட்டுவிசைக் கருவியும் அவருக்கு வேண்டாம்.