பழைய பூட்டை மாதிரிக்கென்று கொடுத்துவிடாதீர்கள்

படுக்கையறைக் கதவின் கைப்பிடி தொங்கத் தொடங்கியது. அழுத்தினால் கீழே போகும். தானாக மேலே வராது. கதவுக்குள் பதிந்திருக்கும் பழைய மார்டைஸ் பூட்டு அது. கதவின் விளிம்பில் தெரியும் அதன் பித்தளை முகத்தகட்டின்மேல் எத்தனை தலைமுறைப் பெயின்டோ! படம் எடுத்து, பழைய கதவுச் சாமான்கள் விற்பவர் ஒருவருக்கு அனுப்பினேன். "அச்சு அசலாக இதே இருக்கிறது" என்றார். அளவு எதையும் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "மாதிரிக்குப் பழையதைக் கொடுங்கள்" என்றதும் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

வந்தது பார்வைக்கு இரட்டைப் பிறவிதான். ஆனால் கைப்பிடியின் சதுரக் கம்பி நுழையும் துளைக்கும் சாவித்துளைக்கும் இடையே மையத்துக்கு மையம் 72 மி.மீ.; என் கதவில் 57. "தச்சரிடம் சொல்லி லேசாகச் செதுக்குங்கள், எல்லாக் கதவுக்கும் பொருந்தும்" என்றார். செதுக்கினோம். அந்த மடத்தனம் முழுக்க என்னுடையது. உளி பட்ட பிறகு, மாற்றித் தர முடியாது என்று கையை விரித்துவிட்டார். சந்தேகம் வந்து காந்தத்தை வைத்தேன். பச்சென்று ஒட்டியது. கெட்டிப் பித்தளை என்று விற்றது முலாம் பூசிய இரும்பு!

பழையதையாவது கொடுங்கள் என்றேன். "பழைய இரும்போடு போய்விட்டதே" என்றார். பித்தளையை இரும்பாக்கும் ரசவாதம் அவருக்கு மட்டும் கைவந்திருக்கிறது.

வாங்கும் முன் நீங்களே அளந்துவிடுங்கள். கதவின் விளிம்பிலிருந்து சாவித்துளையின் மையம் வரை எவ்வளவு, இரண்டு துளைகளுக்கும் நடுவே எவ்வளவு, முகத்தகட்டின் நீள அகலம், கதவின் கனம். சதுரக் கம்பியை மறக்கவே கூடாது: 8 மி.மீ. கம்பி பரவலாக வருகிறது, 7 மி.மீ. கம்பியும் உண்டு, அந்த ஒரு மில்லிமீட்டரில் கைப்பிடி ஆடும், அல்லது நுழையவே நுழையாது. 12.7 போல விசித்திரமான எண் வந்தால் அளந்தது தவறில்லை, அது அரை அங்குலம். தகட்டை வெந்நீரில் ஊறவைத்துப் பெயின்டைச் சுரண்டினால் தயாரிப்பாளரின் முத்திரை தென்படலாம். விற்பவருக்கு அளவுகோலோடு எடுத்த படம் போதும்.

சென்ற வாரம் இன்னொரு கதவின் கைப்பிடியும் தொங்கியது. இம்முறை பூட்டின் மூடியை நானே திருகு கழற்றித் திறந்தேன். உள்ளே ஒரு சிறிய ஸ்பிரிங் ஒடிந்து கிடந்தது. மற்றதெல்லாம் புதுக் கருக்கு அழியாமல் இருந்தது.