தொட்டுக்கூடப் பார்க்காமல் "வெறும் பழக்கம்தான்" என்றவரை நம்பிப் பணம் கட்டினேன்

உங்கள் நாய் ஒரே இடத்தை ஓயாமல் நக்குகிறதா? அதைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒருவர், "இது வெறும் பழக்கம், நான் நிறுத்திக் காட்டுகிறேன்" என்று சொன்னால் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். நான் கட்டினேன். நான்கு மாதங்கள் என் நாய் வலியோடு கிடந்தது.

செம்பிக்கு ஐந்து வயது, லாப்ரடார் இனம். வீடு அடங்கிய பிறகு இரவில் அந்தச் சத்தம் தொடங்கும். இடது முன்னங்காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, சளப் சளப் என்று ஒரே சீராக நக்கிக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் நிறுத்துவாள், நான் திரும்பிப் படுத்ததும் மீண்டும் ஆரம்பிப்பாள். ஒரு மாதத்தில் அந்த இடத்தில் முடி உதிர்ந்து, நாணய அளவுக்குத் தோல் சிவந்து பளபளத்தது. கண்ணில் படுகிற அறிகுறி அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். காலையில் எழுந்ததும் முதல் சில அடிகளை அவள் தயங்கித் தயங்கி வைத்ததையும் பார்த்தேன். ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாய்களின் நடத்தைப் பிரச்சினைகளைத் தீர்ப்பவர் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்ட ஒருவரின் விளம்பரம் கண்ணில் பட்டது. இருபது நிமிட வீடியோ அழைப்பில் அவர் கேட்ட கேள்விகளெல்லாம் வீட்டில் யார் சோறு வைப்பது, எவ்வளவு நேரம் தனியாக விடுகிறோம் என்பதைச் சுற்றியே இருந்தன. நொண்டுகிறாளா, காதைச் சொறிகிறாளா, உணவை மாற்றினீர்களா, உண்ணியோ தெள்ளுப்பூச்சியோ இருக்கிறதா என்று ஒன்றும் கேட்கவில்லை. "உங்கள் கவனத்தை இழுக்க இப்படிச் செய்கிறாள். மருத்துவரிடம் போனால் மாத்திரை கொடுத்து மந்தமாக்கிவிடுவார்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தில் நான் விழுந்தேன். செம்பி மந்தமாகிக் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மூன்று மாதப் பயிற்சிக்கான முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு, ஒரு கழுத்துப்பட்டையும் ஒரு குப்பி எண்ணெயும் அனுப்பினார். நூறு சதவீத உத்தரவாதம் என்று எழுத்திலும் கொடுத்தார்.

கழுத்துப்பட்டை மின் அதிர்ச்சி தருவது. பொத்தானை அழுத்துவது என் வேலை. முதல் நாள் அவள் அலறிக்கொண்டு பின்வாங்கினாள், நக்குவது நின்றது. நான் அதைப் பலன் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் அவள் கட்டிலுக்கு அடியில் போய் மறைந்து நக்க ஆரம்பித்தாள். என் காலடி கேட்டால் காதுகளை ஒடுக்கிக்கொள்வாள். வலியோ பதற்றமோ இருக்கும் நாய்க்கு நக்குவதுதான் ஆறுதல். அதற்குத் தண்டனை கொடுத்தால் பதற்றம் கூடும், பதற்றம் கூடினால் நக்குவதும் கூடும். அந்த நபரிடம் சொன்னபோது அவர் தந்த ஒரே பதில், "அளவைக் கூட்டுங்கள்." அவரை நான் மன்னிக்கவே முடியாமல் போனது அந்தச் சொல்லால்தான்.

எண்ணெய்க் குப்பியில் மூலிகை, இயற்கை என்ற சொற்கள் மட்டும் இருந்தன. என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதவில்லை. நக்கும் இடத்தில் தடவினால் கசப்பில் விட்டுவிடுவாள் என்றார். மூன்றாம் நாள் தடவிய சில மணி நேரத்தில் அவள் வாயில் எச்சில் வழிய, பின்னங்கால்கள் தள்ளாட, உடல் நடுங்க நின்றாள். அவசரமாக மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். குப்பியை முகர்ந்ததுமே மருத்துவர், ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் டீ ட்ரீ எண்ணெய் என்று சந்தேகித்தார். அது நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. தோல் வழியாகவே உடலில் ஏறும், நக்கினால் இன்னும் வேகமாக ஏறும். காலைக் கழுவி, உடல் சூடு குறையாமல் போர்த்தி, இரவு முழுவதும் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

அந்த மருத்துவர்தான் முதன்முதலாக அவள் காலைக் கையில் எடுத்துப் பார்த்தவர். புண்ணைச் சுற்றி முடியை வழித்தார். விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தார். மணிக்கட்டை மெல்ல மடக்கியபோது செம்பி முகத்தைத் திருப்பி அவர் கையை நக்கினாள். "இங்கேதான் வலிக்கிறது" என்றார் அவர். எக்ஸ்ரேயில் மணிக்கட்டு மூட்டில் தேய்மானம் தெரிந்தது. வலித்த இடத்தைத்தான் இத்தனை நாளும் நக்கியிருக்கிறாள். நக்கி நக்கித் தோல் தடித்து, முடியின் வேர்ப்பைகள் உள்ளுக்குள் உடைந்து, ஆழத்தில் கிருமி ஏறியிருந்தது. கிருமி ஏறினால் அரிக்கும், அரித்தால் இன்னும் நக்கும். இப்படி நக்கி உண்டாகும் தடித்த புண்ணை 'லிக் கிரானுலோமா' என்கிறார்கள். லாப்ரடார், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய நாய்களிடம் அதிகம் காணப்படுவது, பெரும்பாலும் முன்னங்காலில் வருவது. மேலாகத் துடைத்து எடுக்கும் மாதிரியில் ஆழத்துக் கிருமி சரியாகத் தெரியாது என்பதால் தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்து, அதற்கேற்ற ஆன்டிபயாட்டிக்கைத் தேர்ந்தார். எட்டு வாரம் கொடுத்தோம். கூடவே மூட்டு வலிக்கு மருந்து, நக்க எட்டாதபடி கழுத்தில் கூம்பு.

நக்குவது மனநிலை சார்ந்த நோயாக இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அப்படியும் உண்டு. 1992இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ராப்பபோர்ட் குழுவினர் காலை விடாமல் நக்கும் 42 நாய்களை வைத்து, மனிதர்களின் கட்டாயச் செயல் நோய்க்கு (செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய்) கொடுக்கும் குளோமிப்ரமின், ஃபுளுவாக்ஸெட்டின் ஆகிய மருந்துகள் அவற்றுக்கும் பயன் தருவதைக் காட்டினார்கள். ஆனால் உடலில் காரணம் இல்லை என்று உறுதி செய்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். ஒவ்வாமை, தெள்ளு, பூஞ்சை, தோலில் குத்திய முள், மூட்டு வலி என்று எதுவும் காரணமாகலாம். தரையையும் சுவரையும் நக்கும் நாய்களில்கூட வயிற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது: கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி நக்கிய 19 நாய்களில் 14க்கு வயிறு, குடல் கோளாறு இருந்தது. "மந்தமாக்கும் மாத்திரை" என்ற பூச்சாண்டியும் பொய். ஃபுளுவாக்ஸெட்டின் போன்றவை மயக்கிப் படுக்க வைக்கும் மருந்துகள் அல்ல, பல வாரங்களில் மெல்லப் பதற்றத்தைக் குறைப்பவை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒரு நாள்கூட விடாமல் 90 நாள் செய்தால்தான் உத்தரவாதம் பொருந்தும் என்றார். நாய் மருத்துவமனையில் கிடந்த நாள்களையும் விட்டுப்போன நாள்களாகக் கணக்கு வைத்தார். பிறகு என் அழைப்போ செய்தியோ போகாதபடி என்னை எல்லாவற்றிலும் தடுத்துவிட்டார். அவருடைய விளம்பரத்தில் 'முன்பு, பின்பு' என்று போட்டிருந்த படங்களை அன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். முன்பு என்ற படத்தில் புண் இடது காலில் இருந்தது. பின்பு என்ற படத்தில் காட்டியிருந்தது வலது கால்.

இப்படி ஒருவரிடம் பேச நேர்ந்தால், எந்தக் கால்நடை மருத்துவருடன் சேர்ந்து வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் தானாகவே முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். எண்ணெயோ களிம்போ கொடுத்தால் அதில் உள்ள பொருள்களின் பட்டியலைக் கேளுங்கள். வீட்டில் இருக்கும் களிம்புகளையும் நீங்களாகத் தடவாதீர்கள். நக்கும் நாய் தடவியதை எல்லாம் விழுங்கும். துத்தநாக ஆக்சைடு கலந்ததும், நமக்கு மூட்டு வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக்கும் அதற்கு ஆபத்து. நக்குவதை வீடியோ எடுத்து, எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டு போங்கள். நான் கொண்டுபோன ஒரு நிமிட வீடியோவில், நக்குவதற்கு முன் அவள் காலை உயர்த்திப் பிடித்திருந்ததை மருத்துவர் கவனித்தார்.

செம்பி இப்போது கூம்பு இல்லாமல் தூங்குகிறாள். குளிர் நாட்களில் மூட்டு பிடித்துக்கொள்ளும்போது ஒன்றிரண்டு முறை நக்குவாள். எழுந்து போய் மெல்லத் தேய்த்துவிட்டால் விட்டுவிடுகிறாள். புண் இருந்த இடத்தில் முடி முளைக்கவில்லை, இனி முளைக்காமலே போகலாம் என்றார் மருத்துவர். பொத்தான் வைத்த எதையும், டிவி ரிமோட்டைக்கூட, நான் கையில் எடுத்தால் அவள் இன்னமும் அறையை விட்டு வெளியே போய்விடுகிறாள்.