ஆலப்புழை ஹவுஸ்போட்: முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படியுங்கள்

விடுமுறைக்கு ஆலப்புழை போகத் திட்டமிட்டிருப்பவர்கள் கவனத்துக்கு. ஏஜென்டுகள் வாட்ஸ்அப்பில் ஒரு படகின் படத்தைக் காட்டி, பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, துறையில் வேறு படகில் ஏற்றிவிடுகிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு நடந்தது இது.

பேசியது இரண்டு படுக்கையறை, ஏசி ஹவுஸ்போட். பகல் 12 மணிக்கு ஏறி மறுநாள் காலை 9 மணிக்கு இறங்க வேண்டும். போய் நின்றால், "அந்த போட் ரிப்பேர் சார், இதுவும் அதே மாதிரிதான்" என்றார்கள். மெத்தையில் ஈர நாற்றம். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கயிறு கட்டியிருந்தது. அம்மாவை வைத்துக்கொண்டு நட்டநடு வெயிலில் சண்டை போட முடியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கிளம்பவே ஒன்றரை ஆனது. சாப்பாட்டுக்கு ஒரு இடத்தில் கட்டினார்கள். அப்புறம் இறால் விற்கும் கடை ஒன்றில் நிறுத்தி, வாங்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். நாலு மணிக்கெல்லாம் கரையில் கட்டிவிட்டு, "இனிமேல் போகக்கூடாது, ரூல்" என்றார்கள். ரூல் உண்மைதான். இரவில் மீனவர்கள் வலை விரிப்பதால் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு மேல் ஹவுஸ்போட் ஓடக்கூடாது. ஆனால் நாலு மணிக்குக் கட்டச் சொல்லி எந்த விதியும் இல்லை. டீசல் மிச்சம் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

"குட்டநாட்டுச் சின்னக் கால்வாய்களுக்குள் கூட்டிப்போவோம்" என்பது அடுத்த பொய். ஹவுஸ்போட்டின் அகலத்துக்கு அந்த வாய்க்கால்களில் இடமே கிடையாது. அது பெரிய கால்வாயிலும் வேம்பநாட்டு ஏரியிலும்தான் ஓடும். உள்ளே போக வள்ளம், ஷிகாரா போன்ற சிறு படகு வேண்டும். அதற்குத் தனியாகப் பணம் கேட்டார்கள்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். லைஃப் ஜாக்கெட் விஷயத்தைத்தான் என்னால் விட முடியவில்லை. பெஞ்சுக்கு அடியில் மூட்டையாகக் கிடந்ததைப் பிரித்துப் பார்த்தேன். பாதிக்குக் கொக்கி உடைந்திருந்தது, சிலவற்றில் பட்டையே இல்லை. குழந்தைகள் அளவில் ஒன்றுகூட இல்லை. 2023 மே 7 அன்று தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்களே, அதில் நிறைய குழந்தைகள். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆளை ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள். அதே கேரளத்தில், அதற்கப்புறமும் இப்படி என்றால் வயிறு எரிகிறது.

இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரைதான் ஏசி என்பது அங்கே பல படகுகளில் வழக்கம், அது ஏமாற்று இல்லை. ஆனால் எங்களுக்கு நடுராத்திரியில் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள். கேட்டதற்கு டீசல் தீர்ந்துவிட்டது என்று பதில்.

படகில் இருந்த பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். சமையல்காரர் பொரித்துக் கொடுத்த கரிமீன் அருமை. விஷயத்தை உடைத்துச் சொன்னவரும் அவர்தான்: நாங்கள் கொடுத்ததில் ஏறக்குறைய பாதி ஏஜென்டுக்கே போய்விடுகிறதாம். மீதியில் ஓட்டுகிற ஓனர் டீசலிலும் பராமரிப்பிலும்தானே கை வைப்பார்?

அதனால் சீசன் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். காலையிலேயே புன்னமடை துறைக்கு நேராகப் போய், படகில் ஏறிப் பார்த்துப் பேசுங்கள். பதிவு எண், எத்தனை பேர் ஏறலாம் என்ற அளவு, லைஃப் ஜாக்கெட் ஆகிய மூன்றையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எத்தனை மணி நேரம் ஓட்டுவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். கால்வாயைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு இருக்கிறது. கோட்டயம் வரை சொற்பக் கட்டணம்தான். ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து போகலாம்.

ஏஜென்ட் இப்போது ஃபோனை எடுப்பதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், ஆலப்புழைக்கு அலைய வேண்டியதில்லை. கோவையில் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழித்துவிடாதீர்கள்.